வாயைத் திறக்கக் கூடாத நண்பர்

பட்டாளத்தில் ஒருவன் மீது குற்றச்சாட்டு வந்தால் முதலில் பறிபோவது தொப்பியும் பெல்ட்டும்தான். சிஓ என்கிற கமாண்டிங் அதிகாரியின் அறை வராந்தாவில் நிறுத்தி வைத்து இரண்டையும் கழற்றச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், ஆத்திரத்தில் எதையாவது கழற்றி சாப் மேல் எறிந்துவிடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்த வழக்கம் என்பார்கள் பழைய ஆட்கள். உண்மையோ பொய்யோ, வெறுந்தலையோடும் தொளதொள சட்டையோடும் அந்த வராந்தாவில் நிற்கிறவனைப் பார்த்தாலே குற்றவாளி போலத்தான் தெரியும். விசாரணை இன்னும் ஆரம்பித்திருக்காது. ஆனால் பக்கத்து அறை கிளார்க் முதல் டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள்.

30 வருடம் சர்வீஸ் முடித்து 2016இல் சுபேதாராக ஊருக்கு வந்தேன். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தேடி வந்தார். அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான், அவன் மேல் ஏதோ சார்ஜ். “நீங்க இருந்த இடம்தானே அண்ணே, யார்கிட்ட பேசினா விடுவாங்க?” என்று கேட்டார். யாரிடமும் பேசி விடவைக்கும் விஷயம் அல்ல என்று சொல்லிவிட்டு, பையனிடம் என்னென்ன கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. இதே தாளை 1998இல் நான் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யூனிட் பெயர் வேண்டாம். ராஜஸ்தான் பக்கம் ஒரு கன்டோன்மென்ட்டில் இருந்தோம். நான் அப்போது ஹவில்தார். எங்கள் கம்பெனிப் பையன் ஒருவனை யூனிட் கேன்டீனில் உதவியாளாகப் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்று வயது, பத்தாம் வகுப்பு, கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் அவனுக்கு எமன். ஸ்டாக் வந்தால் லெட்ஜரில் எழுதுவது அவன். எண்ணிப் பார்ப்பது வேறொருவர், அல்லது யாருமே இல்லை. வருட முடிவில் சரிபார்த்தபோது ரம் பாட்டில்களும் சோப்புப் பெட்டிகளும் ஏகப்பட்டவை குறைந்தன. லெட்ஜர் முழுக்க இவன் எழுத்து.

மெஸ், பேண்ட், கேன்டீன் மாதிரியான படை அமைப்புகளின் சொத்தைத் திருடினாலும் இராணுவச் சட்டம் 1950இன் 52ஆம் பிரிவு பாயும். சம்மரி கோர்ட் மார்ஷல் என்று முடிவானது. வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இதில் நீதிமன்றம் என்றால் சிஓ ஒருவர்தான். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஒரு வருடம் வரை சிறை கொடுக்கலாம், வேலையைவிட்டு நீக்கலாம். மேலிடத்து உறுதிப்படுத்தல் வேண்டாம். தீர்ப்பு சொன்ன கையோடு நிறைவேற்றலாம். அதிகாரிகளையும் பிற்பாடு நான் ஆன சுபேதார் மாதிரியான ஜேசிஓக்களையும் இப்படி விசாரிக்க முடியாது. சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் மட்டும்தான் இந்தக் கொடுப்பினை.

அந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவன் தனக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இராணுவ விதிகள் 1954இன் 129ஆம் விதி. அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் விசேஷம்: ‘குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர்’. சட்டப் புத்தகத்தில் நண்பர் என்ற சொல்லைப் பார்ப்பது அபூர்வம். இந்த நண்பர் அவன் காதில் ஆலோசனை சொல்லலாம், சாட்சியிடம் எந்தக் கேள்வி கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் தானே கேள்வி கேட்கக் கூடாது, கோர்ட்டைப் பார்த்துப் பேசக் கூடாது. வக்கீலாகவே இருந்தாலும் அப்படித்தான். வாயைத் திறக்கக் கூடாத நண்பர்.

அந்தப் பையன் என்னைக் கேட்டான். “அண்ணே, நீங்களே இருங்கண்ணே.” நானும் சரி என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

முந்தின நாள் ராத்திரி அவனைக் காவலில் வைத்திருந்த குவார்ட்டர் கார்டுக்குப் போய் அவனைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். யாரோ லாரியிலிருந்து இறக்கும்போது, யாரோ எழுதச் சொன்னபோது என்று. நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். எல்லா சீனியர்களும் சொல்வதையே சொன்னேன்: “ஒத்துக்கோடா. சீக்கிரம் முடிஞ்சிடும். சிஓ சாப் நல்ல மனுஷன். எதிர்த்து நின்னா கோபம்தான் வரும்.” நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் எத்தனையோ லைன்களில் இந்த வாக்கியத்தைப் பாசத்தோடுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் என்ன விளைவு என்று கோர்ட் முதலில் விளக்க வேண்டும். விசாரணைக்கு முன் எழுதி எடுத்த சாட்சியச் சுருக்கத்தைப் பார்த்தால் இவன் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று தோன்றினால், வாபஸ் வாங்கச் சொல்லி அறிவுறுத்தவும் வேண்டும். சிஓ விளக்கினார், குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் வாசித்து, இந்தியில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டார். பையன் எல்லாவற்றுக்கும் “ஜி சாப்” என்றான். நடுவில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

ஒத்துக்கொண்டுவிட்டால் சாட்சிகளை அழைத்து விசாரிக்கத் தேவையில்லை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் சிறை, டிஸ்மிஸ். பென்ஷன், கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் என்ற பேர் எல்லாம் அதோடு போனது.

அவன் எடுத்தானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எடுத்திருக்கலாம். அதைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை, கேட்க விடாமல் செய்தது நான். தீர்ப்புக்குப் பிறகு 164ஆம் பிரிவில் மனு போடலாம் என்றும் அவனிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது. தெரியாதவன் எதற்கு நண்பனாக உட்கார்ந்தேன் என்ற கேள்விதான் பிறகு என்னைப் புத்தகத்தைத் திறக்கவைத்தது.

புத்தகத்தைத் திறந்தால் ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு அது கல்நெஞ்சுச் சட்டம் இல்லை. ஒருவனைக் காவலில் வைத்தால் 48 மணி நேரத்துக்குள் சிஓ குற்றச்சாட்டை விசாரிக்க வேண்டும். சேவை நிலைமை காரணமாக முடியாமல் போனால்தான் விலக்கு. எட்டு நாளைத் தாண்டியும் கோர்ட் மார்ஷலுக்கு உத்தரவாகாமல் காவலில் கிடந்தால், ஏன் தாமதம் என்று எட்டு நாளுக்கு ஒரு தரம் எழுத வேண்டும். 22ஆம் விதிப்படி சிஓ அவன் முன்னிலையில்தான் விசாரிக்க வேண்டும், சாட்சிகளை அவன் குறுக்கு விசாரணை செய்யலாம், குற்றம் தெரியவில்லை என்றால் அங்கேயே தள்ளுபடி செய்ய வேண்டும். 23ஆம் விதியில் சாட்சியச் சுருக்கம் எழுதும்போது, “நீ எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் எழுதிக்கொள்வோம், அது சாட்சியமாகலாம்” என்று எச்சரிக்க வேண்டும். கோர்ட் ஆஃப் இன்கொயரியில் ஒருவனுடைய நடத்தையோ படைப் பெயரோ அடிபடும் என்றால், 180ஆம் விதிப்படி அவன் முழு நேரமும் உட்கார்ந்து கேட்கலாம், கேள்வி கேட்கலாம், தன் சாட்சிகளைக் கொண்டுவரலாம். விசாரணைக்கு முன் தயார் செய்துகொள்ளக் குறைந்தது 96 மணி நேரம். களப்பணியில் என்றால் 24.

இவ்வளவும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, அலுவலக அலமாரியில் இருக்கிறது. சிவகங்கையிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து, இந்தியையே லங்கர் என்கிற பட்டாளச் சமையற்கூடத்தில் கற்றுக்கொண்ட பையனுக்கு அது எப்படித் தெரியும்? 22ஆம் விதிப்படி “கேள்வி ஏதாவது கேட்கிறாயா?” என்றால், சீனியரைப் பார்த்துக் கேள்வி கேட்பது இன்னொரு குற்றமாகிவிடுமோ என்றுதான் அவன் பயப்படுவான். பயிற்சி முழுக்க அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். உரிமை இருக்கிறது என்று சொல்வதோடு, அதைப் பயன்படுத்தினால் நான் கோபப்பட மாட்டேன் என்றும் அவனுடைய கம்பெனி கமாண்டர் வாயிலிருந்து வர வேண்டும். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்வது சம்பிரதாயம்.

எனக்கு இதைச் செய்து காட்டியவர் ஒரு மேஜர். 2013, வடகிழக்கில் இருந்தோம். பஞ்சாப்காரர், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவார், ‘ழ’ மட்டும் கடைசிவரை வரவேயில்லை. எங்கள் கம்பெனிப் பையன் ஒருவன் பிளட்டூன் ஹவில்தாரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். ஹவில்தாருக்கு உதடு கிழிந்து தையல் போட்டார்கள். பையனின் மனைவிக்குப் பிரசவ நேரம், லீவு பிரச்சினை என்று பின்னால் தெரிந்தது.

நான் சீனியர் ஜேசிஓ. பையனை மேஜர் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் வாயைத் திறந்ததும் மேஜர் தடுத்தார். “தம்பி, இப்ப என்கிட்ட எதுவும் சொல்லாதே.” எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் ஒருவனை இப்படித்தான் கை காட்டி நிறுத்தினேன். ஆனால் இவர் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. பிறகு என்னிடம் சொன்னார்: “சாப், அவன் இப்போது பதற்றத்தில் சொல்வதை நான் கேட்டுவிட்டால் நாளைக்கு நானே அவனுக்கு எதிர்ச் சாட்சியாகிவிடுவேன். அவன் பேச வேண்டிய ஆளை முதலில் கொடுப்போம்.” அன்று சாயங்காலமே வேறு கம்பெனியிலிருந்து, சட்டம் கொஞ்சம் படித்த, தமிழ் தெரிந்த ஒருவரை அவனுக்குத் துணையாக ஏற்பாடு செய்தார். வேறு கம்பெனி என்பது முக்கியம். அடிபட்ட ஹவில்தாரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன் இவனுக்கு எப்படி ஆலோசனை சொல்வான்?

அடுத்தது துப்பாக்கி டூட்டி. சென்ட்ரி ரோஸ்டரிலிருந்து அவன் பெயரை எடுத்தார். ஆனால் சும்மா உட்காரவைக்கவில்லை. எம்டி என்கிற மோட்டார் வண்டிப் பிரிவில் வேலை கொடுத்தார், உண்மையான வேலை. குற்றச்சாட்டு வந்தவனைப் பொறுத்தவரை முதல் வாரத்து ராத்திரிகள்தான் ஆபத்தானவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் யார் படுப்பது என்றுகூடப் பெயர் சொல்லி என்னிடம் தீர்மானித்தார். காவல் போட்ட மாதிரித் தெரியக் கூடாது, அதே சமயம் தனியாகவும் விடக் கூடாது. ஊரிலிருந்து ரயிலேறும்போது பழக்கமான ஒருவனைப் போட்டோம்.

ராத்திரி ரோல் காலில் கம்பெனி முழுக்க நிற்கும்போது இரண்டே வாக்கியம் பேசினார். விசாரணை நடக்கிறது, அது சிஓ வேலை. இங்கே யாராவது அவனையோ ஹவில்தாரையோ பற்றிப் பேசினால் என் வேலை. அவ்வளவுதான். மறுநாள் வாலிபால் டீமில் பையன் வழக்கம்போல் லிஃப்ட் போட்டான்.

வீட்டு விஷயத்தையும் விடவில்லை. பட்டாளத்துக்காரர் நிறைந்த ஊர்களில் செய்தி எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். ஒரே ஊர்க்காரன் வேறு பட்டாலியனில் இருப்பான், அவன் தம்பியிடம் சொல்வான், தம்பி டீக்கடையில் சொல்வான். சார்ஜ் ஷீட் டைப் அடித்து முடிவதற்குள், “உங்க பையனைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்களாமே” என்று அம்மாவிடம் ஒருத்தி வந்து கேட்டிருப்பாள். மேஜர் அன்றைக்கே பையனையே வீட்டுக்குப் போன் பேசவைத்தார். என்ன நடந்தது என்று பேச வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன், ஒரு விசாரணை இருக்கிறது, ஊரார் சொல்வதை நம்பாதே என்று மட்டும். பத்து நாள் கழித்துக் குழந்தை பிறந்தபோது கம்பெனியில் ஜிலேபி கொடுத்தோம். ஹவில்தார் அதைத் தொடவில்லை. அதற்காக அவரை யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை.

ஹவில்தாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அடிபட்டவரும் எங்கள் ஆள்தான். மேஜர் பையனுக்கு இவ்வளவு செய்வதைப் பார்த்து அவர் மனம் புண்பட்டது. “நான் தையல் போட்டுட்டு வந்திருக்கேன், அவன் வாலிபால் ஆடுறான்” என்று என்னிடம் வெடித்தார். நியாயமான பேச்சு. மேஜரிடம் போய்ச் சொன்னேன். அவரைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் வேலை, பையனைப் பார்ப்பது செகண்ட் இன் கமாண்ட் வேலை, ஒரே ஆள் இரண்டு பக்கமும் போனால் இருவரும் நம்ப மாட்டார்கள் என்றார். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், நான் அதை அரைகுறையாகத்தான் செய்தேன்.

விசாரணையன்று பையன் தொப்பி பெல்ட் இல்லாமல் நின்றான். ஆனால் அவன் கையில் ஒரு தாள் இருந்தது, நான்கு கேள்விகள். அதில் ஒன்று, ஹவில்தாரைப் பார்த்து: “லீவு கேட்டு நான் உங்ககிட்ட எத்தனை தடவை வந்தேன்?” ஹவில்தார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மூன்று தடவை என்றார். பொய் சொல்லவில்லை அந்த மனிதர்.

விட்டுவிடவில்லை. சீனியர் மேல் கை வைத்தது நிரூபணமானது, சிஓ 14 நாள் மிலிட்டரி கஸ்டடி கொடுத்தார், சர்வீஸ் பதிவில் ரெட் இங்க் என்ட்ரி. ஆனால் மூன்று தடவை என்ற அந்தப் பதிலும் பதிவாகிவிட்டது. அந்த பிளட்டூனில் லீவு விண்ணப்பங்கள் எங்கே தங்குகின்றன என்று அடுத்த வாரம் வேறொரு கணக்கெடுப்பு நடந்தது. பையன் 14 நாள் முடித்து வந்து அதே கட்டிலில் படுத்தான். ஹவில்தார் கடைசிவரை அவனிடம் பேசவில்லை, பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

தள்ளிவிட்ட வழக்கு என்பதால் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறேனா என்று ஒருவர் கேட்கலாம். சரிதான். குடும்பக் குவார்ட்டர்ஸில் ஒரு பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டான் என்று புகார் வந்தவனையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதிரி வழக்கில் ‘நம்ம பையன்’ என்று கம்பெனி சுற்றி நின்றுகொண்டால் புகார் கொடுத்த பெண்ணுக்கு மூச்சு விட இடமிருக்காது. சாட்சியைப் போய்ப் பார்ப்பது, சமாதானம் பேசுவது, நல்ல பையன் என்று ஊருக்கெல்லாம் சான்றிதழ் கொடுப்பது, இதெல்லாம் ஆதரவு ஆகாது. சாப்பாடு, தூக்கம், துணைக்கு ஒரு ஆள், சட்டம் தெரிந்த ஒரு ஆள், தயாராக நேரம். இவ்வளவுதான் அவனுக்குக் கொடுக்க வேண்டியது. ஆனால் இந்த அளவையும் குறைக்காமல் கொடுக்க வேண்டும், வயிறு குமட்டினாலும்.

சிஓக்களுக்கு இது இன்னும் கஷ்டம். நமது முறையில் புகார் வருவதும் அவரிடம், விசாரிப்பதும் அவர், சில நேரம் தீர்ப்புச் சொல்வதும் அவர். ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் படித்திருப்பவர்களுக்குத் தெரியும். சிக்னல் பிரிவுச் சிப்பாய். தன் கமாண்டிங் அதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேரடியாக மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டார் என்பதற்காக 28 நாள் கடுங்காவல். அதை அனுபவித்துக்கொண்டிருக்கும்போது, 1985 மே 29 அன்று, சாப்பிடச் சொல்லி உத்தரவிட்டதற்குச் சாப்பிடவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல். அவர் யார் மேல் புகார் எழுதினாரோ அதே அதிகாரியும் அந்தக் கோர்ட்டில். ஒரு வருடம் சிறை, டிஸ்மிஸ். சாப்பிடாததற்கு! 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான் பாரபட்சமாக இருக்கிறேனா என்று நீதிபதி தன் மனதைக் கேட்டுக்கொள்வது போதாது, எதிரே நிற்கிறவன் மனதில் என்ன தோன்றும் என்று பார்க்க வேண்டும் என்ற பொருளில் அதில் எழுதியிருப்பதை நான் ஒரு டைரியில் குறித்துவைத்திருந்தேன். சம்மரி கோர்ட் மார்ஷல் விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், உடனடி நடவடிக்கை தேவைப்படும் இடத்தில் மட்டும் என்று 2016இல் விஷவ் பிரியா சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. நான் ரிட்டயரான வருடம்.

இன்று ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் ஒரு கிளை. சட்டம் 2007, செயல்பட ஆரம்பித்தது 2009. கோர்ட் மார்ஷலுக்கு அப்பீல் இல்லாதது குறை என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் எழுதிவிட்டது. 27 வருடம் ஆகியிருக்கிறது. நடுவில்தான் எங்கள் கேன்டீன் பையன் வந்தான், போனான்.

அவனை இரண்டு வருடத்துக்கு முன் காட்பாடி ஸ்டேஷனில் பார்த்தேன். முதலில் அவன்தான் அடையாளம் கண்டுகொண்டான். ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை. தலை நரைத்திருந்தது, என்னைவிட வயதானவன் போல இருந்தான். “அண்ணே” என்றான், அதே குரல். டீ குடித்தோம். பழையது எதையும் பேசவில்லை. நான் பேச ஆரம்பிக்கலாமா என்று நினைக்கும்போது ரயில் அறிவிப்பு வந்தது, விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது கொஞ்சம் தயங்கி நின்றான். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்றான். “உங்ககிட்ட கேன்டீன் கார்டு இருக்கும்ல அண்ணே. வெளியில ரொம்ப விலை சொல்றான். ஒரு பிரஷர் குக்கர் எடுத்துத் தர முடியுமா? காசு நான் குடுத்திடறேன்.”

எத்தனை லிட்டர் என்று கேட்டேன். அஞ்சு லிட்டர் போதும் என்றான்.